ஊமைமலைக்கு வழி இல்லை

முள்ளிக்குளம்
1963 மே 19

மதிப்பிற்குரிய பஸ்ரியன் குரூஸ் அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று அப்பா அனுமதி தந்து சில கிழமைகள் ஆகிவிட்டன. முதல் கடிதம் உங்களிடமிருந்து வரட்டும் என்று பார்த்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள் போலும். இப்படியே இருந்தால் தை மாதம் கலியாணம் முடிந்த பிறகுதான் பேசத் தொடங்குவோம். அதனால் நானே எழுதுகிறேன்.

நீங்களும் மாமியும் பேசாலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் வாய் திறந்து சொன்னது, தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்டதற்கு "சீனி காணும்" என்பது மட்டும்தான். அதை வைத்து ஒரு மனிதரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே நீங்கள் எழுதவேண்டும்.

எனக்கு இங்கே பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது. தலைமையாசிரியரும் நானும்தான் படிப்பிக்கிறோம். கோவிலுக்குப் பின்பக்கம் மார்த்தா அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அவருடைய கணவர் பேதுரு சில வருஷங்களுக்கு முன் ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை. அக்கா தம்பி கிறகரியோடு இருக்கிறார். கடற்கரை ஊரில் வாசல் காட்டைப் பார்த்திருக்கும் வீடு இது ஒன்றுதான்.

இனி நான் எழுத வந்த விஷயம். ஊருக்குத் தெற்கே ஆறு. ஆற்றுக்கு அப்பால் காடு. காடு கடலைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன மலை. மலை என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சின்னது. ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் வேறெதுவும் தலை தூக்காததால், வகுப்பில் கரும்பலகைக்கு முன் நிற்கும்போது யன்னலுக்குள் அதுதான் தெரிகிறது. ஊமைமலை என்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் அடையாளம். ஆனால் ஒருவரும் ஏறியதில்லை. வழி இல்லையாம்.

ஏன் வழி இல்லை என்று கேட்டேன். தலைமையாசிரியர் பாம்பு என்றார். மரிச்சுக்கட்டியிலிருந்து தேன் எடுக்க வரும் பெரியவர், சாஹுல் ஹமீட் காக்கா, ஜின் இருக்குது என்றார். கிறகரி, "அங்க என்ன கிடக்கு ரீச்சர்? தண்ணி இல்லை, மீன் இல்லை. ஆர் போறது?" என்றான். ஏன் ஊமை என்றதற்கு ஒருவரிடமும் மறுமொழி இல்லை. எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

உங்கள் ஊர் வங்காலையில் இந்த மலையைப் பற்றி ஏதும் கதை இருக்கிறதா? விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாக்கிறட்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
1963 மே 28

அன்புள்ள மாக்கிறட் அவர்களுக்கு,

சீனி விஷயத்தில் என் பக்கத்தையும் கேட்கவேண்டும். போகும் வழியெல்லாம் அம்மா "கனக்கக் கதையாதை" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொன்னதை நான் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுவிட்டேன். உண்மையில் அந்தத் தேத்தண்ணிக்குச் சீனி காணாது.

முதல் கடிதம் எழுதாததற்கு வேறு காரணம் இல்லை, பயம்தான். நான் எழுதுவதெல்லாம் கந்தோர்க் கடிதம். "தங்கள் இன்ன தேதியக் கடிதம் சார்பாக" என்று தொடங்கிவிடுவேனோ என்று பயந்தேன். இப்போது பின்னேரங்களில் சிங்கள வகுப்புக்கும் போகிறேன். சோதனையில் சித்தியடையாவிட்டால் சம்பளம் ஏறாது. எங்கள் வகுப்பில் என்னைவிட வயது கூடிய மனிதர்கள் எல்லாம் மேசையில் கையை மடக்கிவைத்து "மேக்க மேசயக்", இது ஒரு மேசை, என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் மாணவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

உங்கள் மலையைத் தேடினேன். நான் வேலை செய்வது நில அளவைக் கந்தோரில் என்பதை அம்மா பெருமையோடு சொல்லியிருப்பார். சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்குகிறது. மதியச் சாப்பாட்டு நேரம் கதிரையில் ஏறி நின்று பார்த்தேன். ஆறு இருக்கிறது. அதற்குத் தெற்கே பச்சை நிறம். கரையோரம் விரல் நகம் போல ஒரு சின்ன வளைகோடு. பெயர் இல்லை. ஆக, அளந்தவர்களும் அதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நல்ல முன்மாதிரி. நீங்களும் அப்படியே செய்யலாம்.

வங்காலையில் கடலோடும் என் சித்தப்பாவிடம் எழுதிக் கேட்டேன். "அது மறைஞ்சா ஊர் மறைஞ்சது" என்று ஒரு வரியில் பதில் எழுதினார். மேலே என்ன இருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை.

மலைக்குக் கிழக்குப் பக்கம் சரிவா, நேரா? மரம் இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

அன்புடன்,
பஸ்ரியன்


முள்ளிக்குளம்
1963 யூன் 12

அன்புள்ள பஸ்ரியன்,

சும்மா கேட்கிறவர் கதிரையில் ஏறமாட்டார்.

கிழக்குச் சரிவா என்பது இங்கிருந்து தெரியாது. மரம் இருக்கிறதா என்பதும் தெரியாது. பின்னேர வெயிலில் சிவப்பாகத் தெரிகிறது, மழைமூட்டத்தில் கறுப்பாகத் தெரிகிறது. ஆகவே போய்ப் பார்க்கப் போகிறேன்.

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. தனியாகப் போகவில்லை. சோளகம் பலமாக வீசுவதால் வள்ளங்கள் எல்லாம் கரையில். கிறகரிக்கு வேலை இல்லை, கோடரியோடு வருகிறான். மார்த்தா அக்காவும் வருகிறார். நான் அவரைக் கூப்பிடவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவர், "ரீச்சர், அந்த மலையில ஏறினா கடல் முழுக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்ப நானும் வாறன்" என்றார்.

சாஹுல் ஹமீட் காக்காவிடம் வழி கேட்டோம். ஜின்னைப் பற்றி இந்த முறை பேசவில்லை. "பாலைப்பழக் காலம் தங்கச்சி. கரடி மரத்தில இருக்கும், மரத்துக்குக் கீழயும் இருக்கும். சத்தம் போட்டுக்கொண்டு போங்கோ. அதுக்கு எங்களைக் கண்டா எங்களைவிடப் பயம். திடீரெண்டு காணக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். அதனால் காட்டுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டு போவதென்று தீர்மானித்திருக்கிறோம். சத்தமும் ஆயிற்று, புண்ணியமும் ஆயிற்று.

வருகிற 22ஆம் திகதி சனிக்கிழமை போகிறோம்.

மாக்கிறட்


கொட்டாஞ்சேனை
1963 யூன் 18

அன்புள்ள மாக்கிறட்,

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. தயவுசெய்து போகவேண்டாம்.

கரடிக்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் அந்த ஊருக்குப் புதியவர், ஆசிரியை, கலியாணம் பேசி முற்றாக்கிய பெண். ஒரு பெண் காட்டுக்குள் போனாள் என்ற கதை உங்கள் முசலிக் கரையில் புறப்பட்டால் வங்காலைக்கு வந்துசேரும்போது என்ன உருவம் எடுத்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் அம்மாவையும் தெரியும்.

பார்க்க ஆசையாக இருந்தால் பிறகு ஒருநாள் நாங்கள் இருவரும் போகலாம். இப்போது வேண்டாம் என்று நான் சொல்கிறேன்.

பஸ்ரியன்


முள்ளிக்குளம்
1963 யூன் 25

அன்புள்ள பஸ்ரியன்,

தபால்காரர் உங்கள் கடிதத்தை நேற்றுக் கொண்டுவந்தார். நாங்கள் சனிக்கிழமையே போய் வந்துவிட்டோம். முன்பே கிடைத்திருந்தாலும் போயிருப்பேன். பிறகு நீங்கள் நினைத்து நினைத்துக் கேட்கும்படி ஆகக்கூடாது என்பதால் இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

இனி, நீங்கள் கோபமாக இருந்தாலும் மிச்சத்தை வாசிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

விடியப் புறப்பட்டோம். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கும் இல்லை. மணலில் யானைக் காலடிகள் கழுவுதொட்டி அளவில் கிடந்தன, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர், அதில் குஞ்சு மீன்கள். அக்கரை ஏறியதும் காடு மூடிக்கொண்டது. கிறகரி முன்னால் வெட்டிக்கொண்டு போக, நாங்கள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டு பின்னால் போனோம். பாலைமரங்களுக்குக் கீழே பழம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. நாங்களும் தின்றோம். பிசின் உதட்டில் ஒட்டி, செபம் கொஞ்ச நேரம் தெளிவில்லாமல் போயிற்று. கரடி எச்சம் கண்டோம், முழுக்கப் பாலைக்கொட்டை. கரடியைக் காணவில்லை.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. மலையைக் காணவில்லை. ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிற மலை, பக்கத்தில் வந்ததும் மறைந்துவிட்டது. நாலு பக்கமும் ஒரே மாதிரி வீரை மரமும் காரையும் சூரைமுள்ளும். கிறகரி ஒரு மரத்தில் ஏறிப் பார்த்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "என்னடா?" என்று அக்கா கேட்டார். "அக்கா, நாங்கள் மலையிலதான் நிக்கிறம்" என்றான்.

உண்மைதான். கிழக்குப் பக்கம் சரிவு. உங்கள் கேள்விக்கு அதுதான் பதில். எப்போது ஏறத் தொடங்கினோம் என்றே தெரியாத அளவு சரிவு. ஆனால் கடைசிப் பகுதி அப்படியில்லை. செம்மண், காலை வைத்தால் பொடிந்து கீழே போகும். பிடிக்கக் கிடைப்பதெல்லாம் முள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு காலில் ஏறினேன். என் பச்சைச் சேலை இனிச் சேலை இல்லை. மார்த்தா அக்கா என்னைவிட வயது கூடியவர், எனக்கு முன்னால் போய்விட்டார்.

மேலே எங்கள் பள்ளிக்கூட முற்றம் அளவில் ஒரு தட்டை. பற்றைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன. மேற்குப் பக்கம் சட்டென்று வெட்டினது போலச் செங்குத்து, அடியில் கடல். வடக்கே எங்கள் கோவில் சிலுவை குண்டூசி போல. அதற்கப்பால் கரை வளைந்து வளைந்து சிலாவத்துறைப் பக்கம் புகையாகிப் போகிறது. தெற்கே முட்செடி அடர்த்தி, அந்தப் பக்கம் போகமுடியவில்லை. கடல் கரையோரம் தேத்தண்ணி நிறம், பிறகு பச்சை, பிறகு நீலம், நடுவில் வெள்ளைக் கோடாக அலை உடைகிறது. உடைவது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. காற்றுக் காதை அடைத்து நிற்பதால் வேறொன்றும் கேட்பதில்லை. நான் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பக்கத்தில் நின்ற அவருக்கே கேட்கவில்லை. அதுதான் ஊமை என்ற பெயரோ தெரியாது. அப்படியானால் ஒரு காலத்தில் யாரோ ஏறித்தான் பெயர் வைத்திருக்கவேண்டும்.

ஏறியிருக்கிறார்கள். பற்றைக்குள் சிப்பிக் குவியல் ஒன்று கண்டோம். முத்துச்சிப்பி. எல்லாம் திறந்து, வெயிலில் வெளுத்து, இடுப்பளவு உயரத்துக்குக் குவித்திருந்தது. கடலிலிருந்து இவ்வளவு உயரம் யார் சுமந்து வந்தது, ஏன்? நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

மார்த்தா அக்கா விளிம்பில் போய் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். நிலத்தோடு இருந்தால் காற்று மேலால் போகிறது, கதைக்கலாம். அக்கா சொன்னார்: "கரையில நிண்டு பாக்கேக்க கடல் ஒரு சுவர் மாதிரி நிக்கும் ரீச்சர். அவர் அந்தச் சுவருக்கு அங்கால போயிட்டார் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சனான். இஞ்சயிருந்து பாக்க அது படுத்துக் கிடக்குது."

அழவில்லை. கொண்டுவந்த புட்டைப் பிரித்து எங்கள் இருவருக்கும் தந்தார். தானும் சாப்பிட்டார்.

இதைவிட நான் அங்கே வேறொன்றும் செய்யவில்லை.

மாக்கிறட்


கொட்டாஞ்சேனை
1963 யூலை 9

அன்புள்ள மாக்கிறட்,

இதை எழுதப் பல தாள்களைக் கிழித்தேன்.

இரண்டாம் திகதி மடுத் திருவிழாவுக்கு அம்மா போயிருந்தார். கோவில் முற்றத்தில், ஆட்கள் கூடியிருந்த இடத்தில், உங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அம்மாவிடம், "உங்கட மருமகளாக வாறவ காட்டுக்குள்ள ஆம்பிளையளோட திரியிறாவாமே" என்று கேட்டிருக்கிறாள். அம்மா அன்று சாப்பிடவில்லை. வங்காலைக்கு வந்ததும் எனக்குக் கடிதம் போட்டார். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டாராம். சுவாமி உங்கள் அப்பாவுக்கு அறிவித்திருப்பார்.

நான் உங்களை நம்புகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா தனி மனுஷி. அப்பா இறந்த பிறகு என்னைப் படிப்பிக்க அவர் யாரிடமெல்லாம் தலை குனிந்தார் என்பதும் தெரியும். நாலு பேர் முன்னால் மறுபடி குனிந்தது அவரால் தாங்கமுடியவில்லை. நீங்கள் அவருக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினால் போதும். தெரியாமல் செய்துவிட்டேன், வருந்துகிறேன் என்று. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிப்பிக் குவியலைப் பற்றி யோசித்தேன். இந்த நேரத்தில் அதை எழுதுவது சரியில்லை.

பஸ்ரியன்


முள்ளிக்குளம்
1963 யூலை 17

திரு. பஸ்ரியன் குரூஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் அப்பாவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன.

தெரியாமல் நான் ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டுத்தான் போனேன். எதற்கு வருந்தவேண்டும் என்று நீங்கள் சொன்னால் யோசிக்கலாம். ஏறியதற்கா, அக்காவைக் கூட்டிக்கொண்டு போனதற்கா, பார்த்ததற்கா? உங்கள் அம்மா தலை குனிந்தது எனக்கு மிகவும் மனவருத்தம். அதை அவரிடம் நேரில் சொல்லத் தயங்கமாட்டேன். ஆனால் அவரைக் குனியவைத்தது மடுவில் பொய் சொன்னவள், நான் அல்ல.

என்னை நம்புவதாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு எழுதவேண்டிய விஷயம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு எழுதவேண்டியது.

ஓகஸ்ற் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் விடுகிறது, பேசாலைக்குப் போகிறேன். தலைமன்னாரில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு என்னைக் கேட்டு ஆள் வந்ததாக அப்பா எழுதியிருக்கிறார். அப்பா அவமானப்பட்டுப் போயிருக்கிறார், அவரிடம் இல்லை என்று சொல்ல என்னிடம் இப்போது காரணம் இல்லை.

மார்த்தா அக்கா உங்களை விசாரித்தார். நீங்கள் சுகம் என்று சொன்னேன்.

மாக்கிறட்


முள்ளிக்குளம், மார்த்தா அக்கா வீடு
1963 ஓகஸ்ற் 14

அன்புள்ள மாக்கிறட்,

முகவரியைப் பார்த்து நீங்கள் திடுக்கிடக்கூடும். எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் மன்னிக்கவேண்டும். என் மூக்குக்கண்ணாடி ஊமைமலையில் இருக்கிறது.

மடுவின் ஓகஸ்ற் திருவிழாவுக்கென்று கந்தோரில் லீவு எடுத்தேன். ரயிலில் ஏறும் வரைக்கும் மடுவுக்குத்தான் போவதாக எனக்கே எண்ணம். அம்மா அங்கே இருப்பார், பேசலாம் என்று. மடு றோட் நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்திராத ஒரு இடத்துக்காக, நான் பார்த்திராத ஒரு நாளுக்காக, ஒரு பக்கம் நம்புகிறேன் என்றும் மறுபக்கம் மன்னிப்புக் கேளுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். முதலில் போய்ப் பார்ப்போம் என்று தோன்றியது. மன்னாரில் பஸ் எடுத்துச் சிலாவத்துறை வந்து, அங்கிருந்து ஒரு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தேன். நீங்கள் இங்கே இருக்கமாட்டீர்கள் என்பது தெரியும். தெரிந்துதான் வந்தேன், இருந்திருந்தால் நான் ஏறாமல் உங்களோடு கதைத்துக்கொண்டே இருந்துவிட்டுப் போயிருப்பேன்.

மார்த்தா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி வங்காலையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சீனி காணும் எண்ட ஆளோ?" என்றார். அதற்கும் ஓம் என்றேன். எனக்குத் தேத்தண்ணி சீனிப்பாணி போல வந்தது.

நேற்று விடிய முன் கிறகரியோடு போனேன். நீங்கள் வெட்டிய வழியைப் பிடிக்கலாம் என்று நினைத்தோம். அதைக் காணவில்லை. காடு அதை எப்படி இவ்வளவு கெதியாகத் தின்றது என்று கிறகரிக்கே புரியவில்லை. நாங்கள் வேறு பக்கத்தால், கடற்கரையோடு போய், தெற்கிலிருந்து ஏறினோம். வரைபடத்தில் விரல் நகம் போலத் தெரிந்த கோட்டில் நான் ஒரு காலைநேரம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தேன். சப்பாத்து வழுக்கியது. கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டேன். பாதி வழியில் என்னால் மேலே போகவும் முடியவில்லை, கீழே பார்க்கவும் முடியவில்லை. கிறகரி மேலே நின்று, "ரீச்சர் இதைவிட மோசமான இடத்தால ஏறினவ" என்றான். அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் ஏறினேன்.

நீங்கள் பார்க்காத தெற்குப் பக்கத்தை நான் பார்த்தேன். காடு கரை வரைக்கும் வந்து நிற்கிறது, ஒரு வீடு இல்லை, ஒரு புகை இல்லை. உள்ளே வில்லு என்கிற ஒரு காட்டுக்குளம், தட்டு மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது. அதன் ஓரம் மான்கள், எறும்பு அளவில். கந்தோர்ச் சுவரில் அது வெறும் பச்சை. இன்னுமொன்று, எனக்குக் கடல் கேட்டது. அன்று காற்று எழும்பவில்லை, ஒவ்வொரு அலையும் தெளிவாகக் கேட்டது. ஆகவே ஏன் ஊமை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. உங்கள் விளக்கத்தை முறித்ததற்கு வருந்துகிறேன். வேண்டுமானால் இதற்கு நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

சிப்பிக் குவியலையும் கண்டேன். முத்துக் குளிப்புக் காலத்தில் களவாகச் சிப்பி எடுத்தவர்கள் ஒளித்திருந்து திறந்த இடம் என்பது என் எண்ணம். காவல் வள்ளம் வந்தால் மேலிருந்து தெரியும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இறங்கும்போது சூரைமுள் கண்ணாடியை இழுத்துக்கொண்டது. தேடினோம், கிடைக்கவில்லை. கிறகரி ஒரு தடியின் ஒரு முனையைப் பிடிக்க, மற்ற முனையை நான் பிடிக்க, ஊருக்குள் வந்தேன். முழு ஊரும் பார்த்தது. நாளைக்கு மடுவிலும் சொல்வார்கள். நல்லது, நீங்கள் மட்டும் தனியாக இருக்கத் தேவையில்லை.

மார்த்தா அக்கா வீட்டில் கடற்பக்கச் சுவரில் ஓலைக் கிடுகை வெட்டிப் புதிதாக ஒரு யன்னல் வைத்திருக்கிறார்கள். இதை அதன் கீழே இருந்துதான் எழுதுகிறேன்.

நான் இங்கிருந்து கொழும்புக்குப் போகவில்லை, வங்காலைக்குப் போகிறேன். அம்மா மடுவால் வந்ததும் நான் ஏறியதைச் சொல்வேன். நீங்கள் ஏறியதையும் உங்கள் கடிதத்தில் உள்ளபடி சொல்வேன். இதை யூலையிலேயே செய்திருக்கவேண்டும். உங்கள் அப்பா தலைமன்னார்க்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கொடுத்திருந்தாலும் நான் பேசாலைக்கு வந்து அவரிடம் கேட்பேன், அவர் என்னைத் துரத்தட்டும். மன்னார் அரசாங்கக் கச்சேரிக்கு மாற்றம் கேட்டும் எழுதப் போகிறேன். கிடைக்குமோ தெரியாது, ஆனால் நீங்கள் வேலையை விடவேண்டும் என்ற பேச்சு என் பக்கத்திலிருந்து வராது.

பஸ்ரியன்


பேசாலை
1963 ஓகஸ்ற் 27

அன்புள்ள பஸ்ரியன்,

உங்கள் கடிதத்தை நான் வாசித்து முடித்து, அப்பாவிடம் எப்படிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த கிழமையில் உங்கள் அம்மா வந்தார். தனியாக. பஸ் நிற்குமிடத்திலிருந்து வெயிலில் நடந்து, கையில் ஓலைப் பெட்டியில் பனம்பழப் பனாட்டோடு.

நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அப்பா கதிரையைக் காட்டிவிட்டு, தான் இருக்காமல் நின்றார். நான் போய், மடுவில் நடந்தது எனக்கு மிகவும் மனவருத்தம் மாமி என்றேன். அதை நேரில் சொல்லத் தயங்கமாட்டேன் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன், சொல்லிவிட்டேன். அவர் கையை அசைத்தார். "அந்தக் கதையை விடு பிள்ளை. இஞ்ச வந்து இரு" என்றார்.

இருந்தேன். அப்பா ஏதோ சாட்டில் கிணற்றடிக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அந்த மலையில என்ன கிடக்கு?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். சின்ன வயதில் ஒவ்வொரு வருஷமும் தெற்கே தலவில் கோவில் திருவிழாவுக்கு அவருடைய அப்பா எல்லோரையும் வள்ளத்தில் கொண்டுபோவாராம். தெற்கே ஓடும்போது ஒருநாள் முழுக்க அந்த மலை கூடவே வருமாம். "மேல என்ன அப்பு இருக்கு எண்டு கேட்டன். பொம்பிளைப் பிள்ளை கேக்கிற கேள்வியே இது எண்டார். அடுத்த வருஷமும் கேட்டன். அதுக்குப் பிறகு கேக்கேல்ல" என்றார். "இப்ப என்ர காலுக்கு ஏறேலாது. அவனைக் கேட்டா, கண்ணாடி துலைச்சதைத்தான் சொல்லுறான். நீ சொல்லு."

சொன்னேன். ஆற்றிலிருந்து தொடங்கினேன். யானைக் காலடியில் மீன் குஞ்சு இருந்தது என்றதும், "என்ன மீன்?" என்றார். பற்றை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, மண் எப்படி, மேலே நிற்கும்போது தலை சுற்றியதா, எல்லாம் கேட்டார். தேத்தண்ணி ஆறிப்போனது. மார்த்தா அக்கா கடலைப் பற்றிச் சொன்னதைச் சொன்னபோது மட்டும் கேள்வியை விட்டுவிட்டு ஓலைப் பெட்டியின் மூடியைச் சரிசெய்தார். உங்கள் அப்பாவை நினைத்திருப்பார்.

கடைசியாகச் சிப்பிக் குவியலுக்கு வந்தேன். உங்கள் எண்ணத்தையும், களவாகச் சிப்பி எடுத்தவர்கள் என்று, சொன்னேன். உங்கள் அம்மா தலையை ஆட்டினார்.

"குவிச்சோ கிடந்தது?"

"ஓம் மாமி. ஒழுங்காகக் குவித்து."

"அப்ப பொம்பிளையள். ஆம்பிளையள் திறந்த இடத்திலயே எறிஞ்சுபோட்டுப் போவினம். கூட்டிக் குவிக்க மாட்டினம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர் ஏறியிருப்பார்கள், எந்தக் காலமாக இருக்கும், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அப்பா திரும்பி வந்ததும் எழும்பி நின்று, மடுவில் கேட்டதை நம்பியது தன் பிழை என்றும், தை மாதத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றும் நேராகக் கேட்டார். தலைமன்னார்க்காரருக்கு அப்பா இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. இருந்தாலும் முதலில் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றேன். பள்ளிக்கூடத்தை விடமாட்டேன் என்பதையும் அப்போதே சொன்னேன். "அதை உன்ர புருசனோட பேசு. மாமியாராகச் சண்டை பிடிக்க எனக்கு இன்னும் நாள் கிடக்கு" என்றார் உங்கள் அம்மா.

புதுக் கண்ணாடி போட்டுவிட்டீர்களா? போடாவிட்டால் இதை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லவேண்டாம், கஷ்டப்பட்டு நீங்களே வாசியுங்கள்.

அவரைப் பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் படலையைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டு ஒழுங்கை நல்ல பாதை, கல் இல்லை, பள்ளம் இல்லை. அவர் பஸ் வரும்வரைக்கும் விடவில்லை.

உங்கள்,
மாக்கிறட்